மூன்று நான்குக்கு வருகிறவர்

அத்தியாயம் 9

செத்து முப்பத்தொரு நாள் ஆன பிறகும் சதுர்னினோ டோலெண்டோ வேலைக்கு வருவதை நிறுத்தவில்லை.

தினமும் பிற்பகல் மூன்று மணி நான்கு நிமிடத்துக்கு வருவார். பதினொரு நிமிடம் இருப்பார். மூன்றேகாலுக்குப் போய்விடுவார். நாற்காலி காலியாகத்தான் இருக்கும், கதவும் சாத்தியபடியே இருக்கும். மரிஸ்கால் படகுச் சேவையின் கணினித் திரையில், உள்ளே இருப்பவர்களின் பட்டியலில், அவர் பெயருக்கு முன்னால் ஒரு பச்சைப் புள்ளி மட்டும் எரியும்.

இதைக் கேட்டதிலிருந்து ஓடெலுக்குப் பிடரி குறுகுறுத்துக்கொண்டே இருந்தது. துப்பறியும் பெர்பெத்துவா மக்பனுவாவிடம் பதினோரு வருஷமாக உதவியாளன். கத்தி வைத்திருந்தவனிடம்கூட வாயாடியிருக்கிறான். ஆனால் பேய் என்று வந்துவிட்டால் அவன் வீரமெல்லாம் நண்பகலோடு சரி. இப்போது மணி ஒன்றரை.

"மானாங்," என்றான் மெதுவாக. அக்கா முறை வைத்து அப்படித்தான் அவரைக் கூப்பிடுவான். "நம்ம திருடனுங்களோட நிறுத்திக்கலாமே. இது பாதர் வேல. அவர்கிட்ட தீர்த்தமும் இருக்கு, மாச சம்பளமும் இருக்கு."

"வாய மூடிட்டு அந்த நாற்காலில உட்காரு."

"அது செத்தவர் நாற்காலி."

"அப்ப நில்லு."

ஓடெல் நின்றான். ஜன்னலுக்கு வெளியே இலோயிலோ துறைமுகம் கொதித்துக்கொண்டிருந்தது. கீழே, அலுவலகப் பெயர்ப்பலகையில், மூன்றாவது படகின் பெயிண்ட் மட்டும் பளிச்சென்று இருந்தது. அந்தப் புதுப் படகைக் கடலில் இறக்கி இரண்டு வாரம்தான் ஆகிறது. அதுவரை இரண்டு படகுச் சின்னம், இப்போது மூன்று.

மேலாளர் எவரார்டோ பாலோமார் கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டினார்.

"அஞ்சு மணிக்கு போலீஸ் வரும். அதுக்குள்ள வேற ஆள காட்டுங்க. இல்லேன்னா மிஸஸ் டோலெண்டோ அவங்களோட போகணும். மணிலாலேர்ந்து முதலாளியம்மா சொன்னாங்கன்னுதான் உங்கள கூப்பிட்டேன். எனக்கு சந்தேகமே இல்ல."

மிஸஸ் டோலெண்டோ, அதாவது லியோனிலா, நாலடி தள்ளி உட்கார்ந்திருந்தாள். சட்டையில் துக்க அடையாளமாகக் கறுப்புத் துணி குத்தியிருந்தது. புருஷனும் பெண்டாட்டியும் இதே அறையில் இதே வேலை பார்த்தவர்கள். தீவுகளிலுள்ள டிக்கெட் கவுண்டர்களைத் தலைமை அலுவலகத்தோடு இணைக்கும் விபிஎன் இவர்கள் பொறுப்பு. ஊருக்கே பொதுவான இணையத்துக்குள் தங்களுக்கு மட்டுமென்று போட்டுக்கொண்ட ரகசிய வழி அது. அதில் நுழைய ஒவ்வொருவருக்கும் ஒரு சாவி. அந்தச் சாவி இன்னாருடையது என்று கையெழுத்திட்டுச் சொல்ல ஒரு சான்றிதழ். ஆள் வேலையை விட்டாலோ உலகத்தை விட்டாலோ, சான்றிதழை ரத்துப் பட்டியலில் சேர்த்துவிட வேண்டும். லியோனிலா தன் கணவருடையதைச் சேர்க்கவில்லை.

"ஏன் சேர்க்கல?" என்றார் பெர்பெத்துவா.

"நாப்பது நாள் ஆகலையே மேடம். அதுவரைக்கும் அவர் இங்கதானே சுத்திட்டிருப்பார். வீட்ல அவர் செருப்ப எடுக்கல, தட்ட எடுக்கல. பேர மட்டும் எப்படி அடிப்பேன்?"

இதில் அங்கே யாருக்கும் ஆச்சரியமில்லை. ஓடெலின் சித்தப்பா இறந்தபோது அவருடைய பல் செட் நாற்பது நாளும் டம்ளரில் கிடந்து எல்லாரையும் பார்த்துச் சிரித்தது.

"நல்ல சாக்கு," என்றார் பாலோமார். "அந்தப் பேர்லதான் போன வாரத்துக்கு முந்தின சனிக்கிழம நீக்ரோஸ் தீவுக்கு புது வழி கேட்டு நாங்க போட்ட விண்ணப்பம் மொத்தமும் காப்பி ஆனது ஃபைல் சர்வர்ல பதிவாயிருக்கு. மூணாம் நாள் போட்டிக் கம்பெனி அதே நேரப் பட்டியலோட வந்து நிக்கறான். செத்தவன் எந்திரிச்சு வந்தா காப்பி அடிச்சான்? புருஷன் சாவி பெண்டாட்டிகிட்டதானே இருக்கும்?"

"நான் எடுக்கல," என்றாள் லியோனிலா. இரண்டு பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் இருக்கிறார்கள், நாலு மணிக்கு அவள்தான் போய் அழைத்து வர வேண்டும் என்று வரும்போதே சொல்லியிருந்தாள். இன்றைக்குப் பக்கத்து வீட்டில் சொல்லி வைத்திருக்கிறாளாம்.

பெர்பெத்துவா வருகைப் பதிவை மடியில் வைத்துப் படித்துக்கொண்டிருந்தார். அவர் படிக்கும்போது உதடு அசையும். அசைந்துகொண்டிருந்தது சட்டென்று நின்றது.

"ஓடெல், இந்தப் பேய்க்கு ஞாயித்துக்கிழம லீவு."

"என்னது?"

"அஞ்சு ஞாயிறு போயிருக்கு. ஒண்ணுல கூட வரல."

"பூசைக்கு போயிருப்பார். உயிரோட இருந்தப்ப விட்டத பிடிக்கணுமே."

"செத்து பதிமூணாம் நாளும் வரல. அன்னைக்கு என்ன?"

லியோனிலா யோசித்தாள். "புயல் கொடி ஏத்தியிருந்தாங்க. படகு ஓடல."

"ஞாயிறு மத்தியானமும் படகு ஓடாது. இல்லையா?" பெர்பெத்துவா காகிதத்தை மடித்தார். "படகு இருந்தா வரும், இல்லேன்னா வராது. மூணேகாலுக்கு அப்புறம் உங்க படகு எங்கேர்ந்து கிளம்பும்?"

"ஹோர்டான் துறை. குய்மாராஸ் தீவு. மூணரைக்கு."

"எங்கேர்ந்து வருதுன்னு பதிவுல தெரியாதா?" என்று கேட்டான் ஓடெல்.

"மொபைல் டேட்டா. நம்ம பனாய் தீவுலேர்ந்தும் இருக்கலாம், பக்கத்து தீவுலேர்ந்தும் இருக்கலாம். உள்ள வந்து எதத் திறக்குதுன்னு பாக்க விரிவான பதிவ ஆன் பண்ணணும்." லியோனிலா தரையைப் பார்த்தாள். "நான் ஆன் பண்ணல."

பெர்பெத்துவா அவளை ஒரு நிமிடம் உற்றுப் பார்த்தார். பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டார்.

"கிளம்பு ஓடெல்."

"ஹோர்டானுக்கு ஒரு போன் போட்டு கேட்டா ஆச்சே மானாங்?"

"போன்ல கேட்டா எந்தப் பேயாவது நான்தான்னு ஒத்துக்குமா?"

படகில் பாதிக் கடல் தாண்டியதும்தான் ஓடெலுக்கு ஒன்று உறைத்தது. "மானாங், விண்ணப்பம் காப்பியான அந்த சனிக்கிழமையும் புயல்தானே? படகு ஓடலையே. ஆனா வந்திருக்கு."

"காலைல பத்து இருபதுக்கு வந்து நாப்பது நிமிஷம் இருந்திருக்கு. அத அப்புறம் பாப்போம். முதல்ல படகு ஏறற பேய பிடி."

"முதல்லன்னா? ரெண்டு இருக்கா?"

ஓடெல் உயிர்காக்கும் சட்டையின் மூன்று பட்டைகளையும் இறுக்கிக்கொண்டான்.

ஹோர்டான் துறையில் இறங்கும்போது சரியாக மூன்று. ஒலிபெருக்கியில் மூன்று மணி ஜெபம் தொடங்கியது. மாம்பழக்காரி தராசைப் பிடித்த கையோடு நின்றாள். சுமை தூக்குகிறவர்கள் தொப்பியைக் கழற்றினார்கள். அலைச் சத்தமும் ஜெபமும் தவிர வேறு சத்தமில்லை. அந்தப் பட்டப்பகல் வெயிலில் ஓடெலுக்கு முதுகில் குளிர் ஏறியது. இப்போது, இங்கேதான் எங்கேயோ, செத்தவர் ஒருத்தர் வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருக்கிறார் என்ற நினைப்பை அவனால் உதற முடியவில்லை.

அவன் கைபேசி அதிர்ந்தது. லியோனிலா.

"வந்துட்டார்," என்றாள். அவ்வளவுதான் சொன்னாள்.

பெர்பெத்துவா ஏற்கெனவே டிக்கெட் கவுண்டரின் பக்கவாட்டு ஜன்னலருகே நின்றிருந்தார். ஓடெல் எட்டிப் பார்த்தான். அரையிருட்டில் ஒரு கணினித் திரை. விசைப்பலகை மேல் சுருக்கம் விழுந்த இரண்டு கைகள். கணினியில் செருகியிருந்த பென் டிரைவிலிருந்து ஒரு கறுப்புக் கயிறு தொங்கியது.

"யாருப்பா வெளிச்சத்த மறைக்கறது?" என்றது உள்ளிருந்து ஒரு பெண் குரல். "பேசறதுன்னா முடிச்சப்புறம் பேசுங்க. பயணிகள் பட்டியல் போகாம படகு கிளம்பாது. இன்னும் நாப்பது பேர் இருக்காங்க."

ஆகவே துப்பறிகிறவரும் உதவியாளனும் பேய் வேலையை முடிக்கட்டும் என்று மூன்றேகால் வரை வாசலில் நின்றார்கள். ஓடெல் தன் வாழ்க்கையில் இப்படி ஒரு மரியாதையை எந்தக் குற்றவாளிக்கும் செய்ததில்லை.

பேயின் பெயர் தெயோதோரா. ஹோர்டான் கவுண்டரில் இருபத்திரண்டு வருஷ சர்வீஸ். சதுர்னினோ பெயரைச் சொன்னதும் பென் டிரைவைக் கயிற்றோடு கையில் பொத்திக்கொண்டார்.

"வெள்ளிக்கிழம இங்க வந்தார். என் சான்றிதழ் மறுநாளோட முடியுதுன்னு அப்பதான் கவனிச்சார். தலைல அடிச்சுக்கிட்டார். புதுசு பண்ண ஆபீஸ் அலமாரில இருக்கற மெஷின்கிட்ட போகணுமாமே. 'திங்கக்கிழம கொண்டாரேன் மானாங், அதுவரைக்கும் என்னோடத வச்சு ஓட்டுங்க'ன்னு இத குடுத்தார். சனிக்கிழம காலைல நெஞ்சு வலின்னு சொன்னாராம். அவ்ளோதான்."

"ஆபீஸ்ல சொல்லியிருக்கலாமே மானாங் டோரா?" என்றார் பெர்பெத்துவா.

"என்னன்னு சொல்ல? சவப்பெட்டி வீட்டுக் கூடத்துல இருக்கு. அந்தப் பொண்ணு தலமாட்டுல உட்கார்ந்திருக்கா. அவகிட்ட போயி, உன் புருஷன் என்னோடத புதுப்பிக்க மறந்துட்டான், சாவிய வேற எங்கிட்ட குடுத்துட்டு போயிட்டான்னு சொல்லட்டுமா? ஊர்ல யாராவது அவர தப்பா ஒரு வார்த்த பேசிட்டா? நாப்பது முடியட்டும், அப்புறம் கமுக்கமா சொல்லிக்கலாம்னு இருந்தேன்." முந்தானை இல்லாத குறைக்கு டிக்கெட் துண்டைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். "தப்புத்தான். என்ன தண்டனையோ குடுங்க."

"புயலடிச்ச சனிக்கிழம காலைல உள்ள போனீங்களா?"

"எங்கேர்ந்து போறது? எங்க வீட்டுக் கூரையே பக்கத்து வீட்டு தோப்புல கிடந்துச்சு. தீவு பூரா கரண்டு இல்ல, டவர் இல்ல, ஞாயித்துக்கிழம ராத்திரி வரைக்கும்."

பெர்பெத்துவா திருப்தியாகத் தலையாட்டிவிட்டுக் கையை நீட்டினார். தெயோதோரா பென் டிரைவை முத்தமிட்டுவிட்டுக் கொடுத்தார்.

இலோயிலோ திரும்பி அலுவலகப் படியேறும்போது நாலே கால். லியோனிலா அதே இடத்தில் உட்கார்ந்திருந்தாள். ஓடெல்தான் விஷயத்தைச் சொன்னான். கயிற்றில் தொங்கிய பென் டிரைவை அவள் கையில் வைத்தான். அவள் அழுவாள் என்று நினைத்தான். அவள் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"யாரோ மனுஷங்கதான்னு தெரியும்," என்றாள். "கம்ப்யூட்டர் வேலைய எட்டு வருஷமா பாக்கறேன். செத்தவர் எப்படிங்க லாகின் பண்ணுவார்? அந்த விரிவான பதிவ ஆன் பண்ண ஒரு நிமிஷம் ஆகாது. ஆன் பண்ணினா யாருன்னு தெரிஞ்சிடும். தெரிஞ்சிட்டா அது அவர் இல்லேன்னு ஆயிடும்."

இத்தனை நேரம் பேயை நினைத்துத் தான் பயந்திருக்க, இவள் அது பேயாக இல்லாமல் போய்விடுமோ என்று பயந்திருக்கிறாள்.

"கத அருமை," என்றார் வாசலில் வந்து நின்ற பாலோமார். "ஆனா விண்ணப்பத்த காப்பி அடிச்சது யாரு?"

"அதுக்குத்தான் வர்றேன் சார்." பெர்பெத்துவா நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். "லியோனிலா, பேருக்குப் பின்னாடி ஒரு வரிசை எண் இருக்குமே, யாரும் படிக்காதது. தினமும் வந்த சதுர்னினோவோட எண் என்ன? புயலன்னைக்கு வந்தவரோட எண் என்ன?"

லியோனிலா படித்தாள். மறுபடியும் படித்தாள். அவள் முகம் மாறியது. "வேற வேற."

"பாத்தியா ஓடெல்? ஒரே பேர், ரெண்டு சான்றிதழ். சான்றிதழ் எங்க பண்ணுவீங்க?"

"அந்த அலமாரி மெஷின்லதான். எந்தக் கம்பியும் அதுல சேராது. கம்பெனியோட மூலச் சாவி அதுக்குள்ளதான் இருக்கு. அலமாரிக்கு ரெண்டு சாவி, ஒண்ணு எங்கிட்ட, ஒண்ணு சார்கிட்ட. மெஷினோட கடவுச்சொல் எங்க ரெண்டு பேருக்குத்தான் தெரியும். எங்களுக்கு ஏதாவது ஆச்சுன்னா வேணுமேன்னு ஒரு கவர்ல எழுதி ஒட்டி சார் பெட்டகத்துல இருக்கு."

"ஒட்டினது ஒட்டினபடி இருக்கு," என்றார் பாலோமார். "ஆக, ஒரே ஆள்தான் பாக்கி."

அலமாரி திறந்தது. பழைய கணினி இருமிக்கொண்டு எழுந்தது. லியோனிலா தன் கைக்கடிகாரத்தைப் பார்த்தாள், விசைப்பலகையில் கடகடவென்று எதையோ அடித்தாள்.

"நில்லுங்க. இப்ப என்ன பண்ணினீங்க?"

"தேதி போட்டேன் மேடம். இதுக்குள்ள இருக்கற செல் செத்து மூணு வருஷமாச்சு. எப்ப ஆன் பண்ணினாலும் 2018 ஜனவரி ஒண்ணுன்னு காட்டும். நாளைக்கு மாத்தலாம், நாளைக்கு மாத்தலாம்னு அவரும் விட்டுட்டார், நானும் விட்டுட்டேன். கடிகாரத்த பாத்து தேதி போட்டுட்டுத்தான் கையெழுத்து போடுவோம். பழகிடுச்சு."

"அந்த ரெண்டாவது சான்றிதழ் பிறந்த தேதி?"

லியோனிலா பதிவேட்டைத் திறந்தாள். "2018 ஜனவரி ஒண்ணு. ஆயுள் பத்து வருஷம். நாங்க ரெண்டு வருஷத்துக்கு மேல குடுக்கவே மாட்டோமே! ஒண்ணும் மாத்தாம விட்டா மெஷின் பத்து வருஷம் போடும்."

"இங்க விபிஎன் எப்ப போட்டீங்க?"

"2020. ஊரடங்கப்ப."

"பிரமாதம்," என்றான் ஓடெல். "கட்டாத வீட்டுக்கு ரெண்டு வருஷம் முன்னாடியே சாவி வாங்கியிருக்கார். செத்தப்புறம் பத்து வருஷ ஆயுசு வேற."

"தேதி போடணும்கற பழக்கம் தெரியாத ஆள் பண்ணினது இது," என்றார் பெர்பெத்துவா.

பாலோமார் சிரித்தார். "வேணும்னே போடாம விட்டிருக்கலாமே? பழி வேற ஆள் மேல போகட்டும்னு."

லியோனிலாவின் முகத்தில் வந்த கொஞ்ச ரத்தமும் வடிந்தது. கேள்வி நியாயமானதுதான். மணி ஐந்தாக எட்டு நிமிடம்.

"விட்டிருக்கலாம் சார்," என்றார் பெர்பெத்துவா அமைதியாக. "அதனால அந்தக் கவர கொஞ்சம் கொண்டாங்க."

பாலோமார் உற்சாகமாகவே போய்க் கொண்டு வந்தார். நீளக் கவர். மூடி மேல் நன்றாகப் பசை. மூடிக்குக் குறுக்கே சதுர்னினோவின் கையெழுத்து, பக்கத்தில் போன வருஷம் மார்ச் தேதி. லியோனிலா பார்த்தாள். "அவர் கையெழுத்து மாதிரித்தான் இருக்கு," என்றாள் தயங்கி. பெர்பெத்துவா கவரை வெளிச்சத்தில் பிடித்தார், மோந்து பார்த்தார், ஓடெலிடம் நீட்டினார்.

ஓடெல் அதைத் திருப்பினான். முன்பக்கம் கம்பெனிச் சின்னம். முதலில் ஒன்றும் தோன்றவில்லை. பிறகு விரல் வைத்து எண்ணினான்.

"மானாங், மூணு படகு."

கவரை எல்லாரும் பார்க்கத் தூக்கிப் பிடித்தான்.

"மூணாவது படக கடல்ல இறக்கி ரெண்டு வாரம்தான் ஆகுது," என்றான் ஓடெல். அவன் குரல் தானாக உயர்ந்தது. "அதுவரைக்கும் கவர்ல ரெண்டு படகுதானே இருந்திருக்கும்? சதுர்னினோ செத்து ஒரு மாசம். அச்சாகாத கவர்ல போன வருஷம் எப்படி சார் கையெழுத்து போட்டார்? இதுக்குத்தான் நான் பேய்னு சொன்னேன், யாரும் நம்பல."

"பழைய கவர கிழிச்சு கடவுச்சொல்ல படிச்சீங்க," என்றார் பெர்பெத்துவா. "இன்னொரு கவர்ல போட்டு ஒட்டி, அவர் கையெழுத்த பாத்து எழுதினீங்க. மேல இருந்த கட்டுலேர்ந்து ஒரு கவர உருவினீங்களே, முன்பக்கத்த யாராவது பாப்பாங்களா என்ன?"

பாலோமார் உட்கார்ந்தார். உட்கார்ந்த பிறகுதான் அது சதுர்னினோவின் நாற்காலி என்று கவனித்தார், அதன் விளிம்புக்கு நகர்ந்துகொண்டார்.

"போட்டிக் கம்பெனில எனக்கு டைரக்டர் பதவின்னு சொன்னாங்க," என்றார் யாரையும் பார்க்காமல். "அந்தப் பேர் தினமும் வருதுன்னு ஆபீஸே சிலுவ போட்டுக்கிட்டு இருந்துச்சு. அந்தப் பேர்ல எது நடந்தாலும் யாரும் கிட்ட வந்து பாக்க மாட்டாங்கன்னு நினைச்சேன்."

ஐந்து மணிக்கு வந்த போலீஸ்காரர் கூட்டிக்கொண்டு போக வேண்டிய ஆள் மாறிவிட்டதை இரண்டு தடவை கேட்டு உறுதிசெய்துகொண்டு, பாலோமாரோடு படியிறங்கினார்.

"நீங்க பிள்ளைங்ககிட்ட போகலாம்," என்றார் பெர்பெத்துவா லியோனிலாவிடம். "போறதுக்கு முன்னாடி ஒரு வேல. ரெண்டு சான்றிதழையும் ரத்து பண்ணிடணும்."

"ரெண்டையுமா?"

"சாவி கை மாறினது மாறினதுதான். மானாங் டோரா நல்லவங்க. ஆனா அந்த பென் டிரைவ் முப்பது நாள் ஒரு கவுண்டர்ல தொங்கியிருக்கு."

லியோனிலா அலமாரிக் கணினி முன் உட்கார்ந்தாள். போலிச் சான்றிதழின் எண்ணை அடித்தாள். ரத்துக்கு என்ன காரணம் என்று கணினி ஒரு பட்டியலை நீட்டியது. 'சாவி கைமாறிவிட்டது' என்பதைத் தேர்ந்தெடுத்தாள். போலி ஒழிந்தது. பிறகு உண்மையான எண். மறுபடியும் அதே பட்டியல். அவள் விரல் நின்றுவிட்டது.

"இதுக்கும் அதே காரணம்தான் போடணுமா? போட்டா அவர் சாவிய விட்டுட்டார்னு பதிவுல நிரந்தரமா இருக்கும்." பட்டியலில் கீழே இன்னொன்றைக் காட்டினாள். "இது தற்காலிக நிறுத்தம். பின்னால எடுத்துடலாம். ஒம்பது நாள்தானே மேடம் இருக்கு."

"எடுத்துட்டா," என்றார் பெர்பெத்துவா, "யாரு வருவா லியோனி?"

லியோனிலா பட்டியலில் ஒரு வரி மேலே போனாள். 'பணி முடிந்தது' என்பதைத் தேர்ந்தெடுத்தாள். விதிமுறையென்றால் யாருக்கும் விட்டுக்கொடுக்காத பெர்பெத்துவா, அந்த நேரம் பார்த்துப் பையில் எதையோ தேடிக்கொண்டிருந்தார்.

ரத்து செய்தால் செய்ததுதான், உறுதியா என்று கேட்டது கணினி. ஒற்றை எழுத்தை ஏற்காதாம், ஆம் என்று முழுச் சொல்லாக அடிக்க வேண்டுமாம்.

"கல்யாணத்தன்னைக்கு பாதர் கேட்டப்பவும் இத மட்டும்தான் சொன்னேன்," என்றாள் லியோனிலா. "சத்தமா சொல்லும்மான்னு ரெண்டாவது தடவ கேட்டார்."

கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஒவ்வொரு எழுத்தாக அடித்தாள்.